இரண்டாவது மில்லின் டைரக்டரி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கட்டடக் கம்பி உருட்டுகிற ஆலை ஒன்றில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்த பெண் கண்ணாடிக் கட்டடத்தில்தான் உட்காரப்போகிறாள் என்று மீஞ்சூரில் எங்கள் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. எனக்கு வாய்த்தது தகரக் கூரை போட்ட ஓர் அறை, அதில் ஒரு சர்வர், ஒரு ஏசி. அந்த ஏசியும் சர்வருக்காக வாங்கியது. சர்வரை வேறு அறைக்கு மாற்றினால் ஏசியும் அதன் பின்னாலேயே போய்விடும், நீ விசிறிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று ஸ்டோர்ஸில் கிண்டல் செய்வார்கள். வெளியே கால் வைத்தால் துப்பட்டாவெல்லாம் கரி. வீட்டுக்குப் போய் முகம் கழுவினால் தண்ணீர் கறுப்பாகப் போகும்.

ஆலைக்குள் இரண்டு மில். முதல் மில் பெரியது. இரண்டாவது மில்லில் மெல்லிய கம்பி மட்டும் ஓடும். உருட்டிய கம்பியைக் கட்டி லாரியில் ஏற்றி, எந்த லாரியில் எவ்வளவு எங்கே போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்புவது டெஸ்பாட்ச் வேலை. முதல் மில்லில் அதற்கு ஒரு கூட்டமே இருந்தது. இரண்டாவது மில்லில் ஒரே ஆள். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

அண்ணாவுக்கு ஊர் பொன்னேரிப் பக்கம். அவருடைய அப்பா அம்மா வயல் கூலிக்குப் போனவர்கள். தொழிற்பேட்டை வந்த பிறகு அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக யூனிபார்ம் போட்டவர் இவர்தான். மில்லில் இடுக்கி பிடித்து நின்றவர். ஒருநாள் பழுக்கக் காய்ந்த கம்பி உருளையிலிருந்து நழுவிப் பாய்ந்து அவருடைய வலது கையைப் பொசுக்கிவிட்டது. விரல்கள் மிஞ்சின, ஆனால் மடங்கவில்லை. அதன்பிறகு கம்பெனி அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து முன்னால் ஒரு கம்ப்யூட்டரை வைத்தது. இடது கை ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். பொறுமை என்பது எனக்குக் கிடையாது, எத்தனையோ முறை எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் சிரிப்பார். திட்டுற வாயிதான் கத்துக்குடுக்கும் என்று எனக்கே சமாதானம் சொல்வார்.

அந்த நாற்காலி போனால் வேறு நாற்காலி இல்லை என்பது அவருக்குத் தெரியும். தொழிற்பேட்டை முழுக்கச் சுற்றி வந்தாலும் மடங்காத கைக்கு எந்த கேட்டும் திறக்காது. வாட்ச்மேன் வேலைக்குக்கூட லத்தி பிடிக்க வலது கை கேட்பானுங்க தங்கச்சி என்று அவரே சொல்வார். வருத்தமாகச் சொல்ல மாட்டார், மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல் சொல்வார்.

சாயங்காலம் கும்மிடிப்பூண்டியில் புறப்படுகிற லோக்கலில் இடம் பிடிக்கிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு இனி சொல்வது புரியும். வண்டி முழுதாக நிற்பதற்குள்ளேயே ஜன்னல் வழியாகத் துண்டு, கர்சீப், டிபன் பை எல்லாம் சீட்டில் போய் விழும். துண்டு விழுந்த சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். எட்டு மணி நேரம் நெருப்புக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிற மனுஷன், காலியாகத் தெரிகிற சீட்டை விட்டுவிட்டு நின்றுகொண்டே வருவான். அதற்கு ஒரு சட்டமும் கிடையாது, போலீஸும் கிடையாது. ஆனாலும் நடந்தது. அண்ணாவின் துண்டு எப்போதும் முதலில் விழும். இடது கையால் வீசினாலும் குறி தப்பாது. அது தனக்காக மட்டுமில்லை, மில்லில் வயதான இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

ஆலையில் முன்பெல்லாம் இருந்தது விண்டோஸ் மெஷின்கள். எல்லாருடைய ஃபோல்டரும் ஒரே இடத்தில் கிடக்கும். ஒரு தடவை அக்கவுண்ட்ஸில் யாரோ இடம் போதவில்லை என்று பழைய ஃபோல்டர்களை அழித்துக்கொண்டே வந்தவர்கள், இரண்டாவது மில்லின் ஃபோல்டரையும் அழிக்கப் பார்த்தார்கள். மெஷின் மறுத்துவிட்டது. யாரோ அதை உபயோகத்தில் வைத்திருக்கிறார்கள் என்று காட்டியது. அந்த யாரோ அண்ணாதான், அந்த நேரம் அதைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். நல்ல வேளை, ஒரு லாரிக் கணக்கும் போகவில்லை. அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் படவில்லை. உள்ளே ஆள் இருந்தால் மெஷினே விடாது, நம்ம வண்டி சீட் மாதிரிதான் என்று கேன்டீனில் எல்லாருக்கும் சொன்னார். அதிலிருந்து சாப்பாட்டுக்குப் போனாலும் திரையை மூடாமல்தான் போவார். நானும் சிரித்துக்கொண்டு ஆமாம் என்றேன். அந்த மெஷினைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

பிறகு சென்னை ஆபீஸ் முடிவெடுத்து லினக்ஸ் சர்வர் வந்தது. பழைய மெஷின்களெல்லாம் வெறும் திரையும் கீபோர்டுமாக மாறின. எல்லாரும் அதிலிருந்து என் அறையிலிருந்த சர்வருக்குள் நுழைந்து வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் ஒரு டைரக்டரி, பழைய ஃபோல்டருக்கு இதில் அதுதான் பெயர். அண்ணா தன் பெயரைத் தட்டி நுழைந்தால் நேராக இரண்டாவது மில்லின் டைரக்டரியில் போய் நிற்பார். அவர் தட்டுகிற ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அதன் பெயர் தெரியும். அந்தப் பெயரைப் பார்த்தால் அவருக்கு ஒரு நிம்மதி.

புது சர்வர் வந்த மறுவருடம் இரண்டாவது மில் நின்றது. கரண்ட் கட், இரும்பு விலை என்று ஏதேதோ காரணம் சொன்னார்கள். முதலில் வடநாட்டுப் பையன்களை ஊருக்கு அனுப்பினார்கள். அப்புறம் நம் ஆட்களிடம், மில் ஓடும்போது கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கிடந்த கம்பியை அனுப்பி முடிக்க அண்ணாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஷெட்டுக்குள் போனால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். அவ்வளவு நாள் காதைப் பிளந்த இடம் அது.

அவர் மேனேஜரிடம் போய் என் கதி என்ன என்று கேட்டார். நான் அங்கேதான் வேறு வேலையாக நின்றிருந்தேன். மேனேஜர் கெட்டவர் இல்லை, ஆனால் எதிரில் இருப்பவரைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்று வாயில் வந்ததைச் சொல்கிறவர். உன் செக்‌ஷன் சிஸ்டத்தில் இருக்கிற வரைக்கும் நீ இருப்பாய், போய் வேலையைப் பார் என்றார். அவர் அந்த நிமிடமே மறந்திருப்பார். அண்ணா அதைத் தலைமேல் வைத்துக்கொண்டார். சிஸ்டத்தில் டைரக்டரி இருக்கும்வரை வேலை இருக்கும். உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும்வரை டைரக்டரி இருக்கும். ஆகவே தான் உட்கார்ந்திருந்தால் போதும். அவர் கணக்கு இவ்வளவுதான்.

கடைசி லாரி போன வாரமே சென்னையிலிருந்து எனக்கு உத்தரவு வந்துவிட்டது. இரண்டாவது மில்லின் பைல்களையெல்லாம் பத்திரத்துக்காக பேக்கப் டேப்பில் எடுத்து வைத்துவிட்டு, டைரக்டரிகளை நீக்கிவிட வேண்டும். அதற்கு ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதச் சொன்னார்கள். நான் மேனேஜரிடம் போய், அன்றைக்கு அண்ணாவிடம் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அவர் நிஜமாகவே முழித்தார். அப்புறம், அதெல்லாம் ஒரு பேச்சும்மா, அவனுக்கு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, நீயே பக்குவமாகச் சொல்லிவிடேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட்டு அனுப்புவது அவர், வாய் மட்டும் என்னுடையதா?

ஆனாலும் சொன்னேன். அந்த மனுஷன் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பதை விட என் வாயால் கேட்பது தேவலை என்று தோன்றியது. கேன்டீனில் நாஷ்டா நேரம். டைரக்டரியை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுக்கப்போகிறேன், அதோடு வேலையும் முடிகிறதாம் என்று உடைத்தே சொன்னேன். அவர் இட்லியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். பதறவில்லை.

"நான் உள்ள உக்காந்துகினு இருந்தா எப்டி தங்கச்சி எடுக்க முடியும்?"

பழைய மெஷின் வேறு, இது வேறு என்று விளக்கினேன். ப்ரோக்ராம் எழுதுகிறவள் ஒரு டைரக்டரியைத் தானே நீக்க முடியாது. ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிட்டு, இதை நீக்கு என்று கேட்க வேண்டும். அது ஒன்றைத்தான் பார்க்கும், உள்ளே ஏதாவது பொருள் இருக்கிறதா என்று. ஒரே ஒரு பைல் இருந்தாலும் மாட்டேன் என்று சொல்லிவிடும். காலியாக இருந்தால் நீக்கிவிட்டுப் பூஜ்யத்தைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் வேலை முடிந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று இந்த சிஸ்டம் கேட்காது அண்ணா என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான்தான் ஏதோ தெரியாமல் பேசுகிறேன் என்பதுபோல. ஆள் இருக்கும்போது எவனாவது சீட்டைக் கழற்றுவானா என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் வழக்கத்தைவிட சீக்கிரமே வந்துவிட்டார். யூனிபார்ம் துவைத்து இஸ்திரி போட்டிருந்தது. காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று ஸ்டோர்ஸில் சொன்னார்கள். டீயை அங்கேயே வரவழைத்துக் குடித்திருக்கிறார். அனுப்ப லாரியும் இல்லை, கம்பியும் இல்லை. சும்மா தன் டைரக்டரியில் நுழைந்து உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ப்ரோக்ராமை ஓட்டினேன். பைல்கள் டேப்புக்குப் போயிருந்தன. இரண்டாவது மில்லுக்குள் இருந்த சின்னச் சின்ன டைரக்டரிகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியாக அண்ணா உட்கார்ந்திருந்த டைரக்டரி. என்னை அறியாமல், மறுத்துவிடு, ஒரு தடவை மறுத்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். நானே எழுதிய ப்ரோக்ராம், அது தோற்க வேண்டும் என்று நானே வேண்டினேன். பூஜ்யம் வந்தது. ஒரு முனகல்கூட இல்லாமல் வந்தது.

நான் ஷெட்டைத் தாண்டி அவருடைய அறைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

"எடுத்துட்டியா? பாரு, அப்டியேதான் கீது."

திரையில் அந்தப் பெயர் அப்படியேதான் இருந்தது. எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் தோன்றவில்லை. உள்ளே நுழையும்போது பார்த்து வைத்துக்கொண்ட பெயரைத்தான் அந்த வரி காட்டிக்கொண்டிருக்கும். மறுபடி போய்ப் பார்க்காது. எங்கே நிற்கிறேன் என்று கேட்டாலும் அதே பெயரைத்தான் சொல்லும். அவர் கேட்டும் காட்டினார், இடது கை விரலால் தட்டி. இரண்டாவது மில் என்றது மெஷின். பைல்கள் இல்லையே என்றேன். அதான் நீ டேப்புல எடுத்துக்கினியே, ஊட்டுச் சாமான எடுத்தா ஊடு போய்டுமா என்றார். அவர் பேச்சில் ஒரு தப்பும் இல்லை.

விட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். நாலு மணிக்கு ஆபீஸில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கும்போது அவருக்கே தெரிந்திருக்கும். ஆனால் அங்கே நாலு பேருக்கு முன்னால், என் செக்‌ஷன் இன்னும் சிஸ்டத்தில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அவர் வாதாடுவார். அவர்கள் சிரிப்பார்கள். அதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசியது. ஒரு பைல் வைத்துப் பாருங்கள் அண்ணா என்றேன்.

தினமும் காலையில் வைப்பதுபோல் அன்றைய லாரிக் கணக்குக்கு ஒரு பைல் தொடங்கினார். அப்படி ஓர் இடம் இல்லை என்றது மெஷின். தப்பாகத் தட்டிவிட்டோம் என்று நினைத்து, எழுத்தெழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மறுபடி தட்டினார். இல்லை என்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி யூனிபார்மில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை. கடைசியில் விரலை எடுத்துக்கொண்டார். மேலே இரண்டாவது மில் என்கிற பெயர், கீழே அப்படி ஓர் இடம் இல்லை என்கிற பதில். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ நான் இவ்ளோ நேரம் எங்க தங்கச்சி உக்காந்துகினு இருக்கேன்?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது, அதுதான் கொடுமை. கல்லூரியில் பரீட்சைக்குப் படித்த பதில். ஒரு டைரக்டரியில் யாராவது இருக்கும்போது அதை நீக்கினால், அதன் பெயரைத்தான் முதலில் எடுப்பார்கள். வெளியிலிருந்து யாரும் வர முடியாது, உள்ளே எதையும் வைக்க முடியாது, மேலே போகும் வழியும் அறுந்துவிடும். ஆனால் உள்ளே இருப்பவர் எழுந்து போகும்வரை சிஸ்டம் அந்த இடத்தை அவருக்காக மட்டும் விட்டு வைத்திருக்கும். அவர் எழுந்ததும் துடைத்துவிடும். இதைத் தமிழில் அவருக்குச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் கவனமாகக் கேட்டார். முதல்முறை அவருக்கு நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தபோது எப்படிக் கேட்டாரோ அப்படி. பிறகு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தார்.

நான் அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அறைக்குப் போகவில்லை. முதல் மில் ஓடுகிற சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. அவர் காது அந்தப் பக்கம்தான் இருந்தது என்று நினைக்கிறேன். அவரோடு இடுக்கி பிடித்து நின்ற சில பேர் இப்போது அங்கேதான் வேலை செய்தார்கள். ஆபீஸிலிருந்து இன்டர்காம் அடித்தது. எடுத்தேன். மேனேஜர், கையெழுத்துப் போட அவனை அனுப்பு என்றார். வருவார் என்று வைத்துவிட்டேன். மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை.

இன்டர்காம் நின்றதும் அண்ணா கேட்டார், நான் எழுந்திருக்கவே மாட்டேன் என்றால் என்ன செய்வார்கள் என்று. விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்ன செய்ய முடியும், சர்வரையே நிறுத்தித் திரும்ப ஓட விட்டால்தான் உண்டு என்றேன். என் குரலில் ஒரு வீம்பு இருந்தது. நிறுத்தட்டுமே, இந்தக் கம்பெனிக்கு அந்த ஒரு தொல்லையாவது இருக்கட்டுமே என்றுதான் எனக்கு இருந்தது. என் அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு வரி தட்டினால், மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகாமல் அவரை மட்டும் அங்கிருந்து வெளியே தள்ளிவிடலாம். அது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. தன்னை எழுப்ப ஆலையே ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்றாவது அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் சர்வர் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்தார். அவருக்கே தெரியும், கேட்க வேண்டியதில்லை. கேட்டில் லாரிகள் நிற்கும், கணக்கு ஏறாமல் ஒன்றும் வெளியே போகாது, ஷிப்ட் முடிந்தவர்கள் ரயிலை விட்டுவிட்டு நிற்பார்கள்.

"வேணாம் தங்கச்சி. எனக்காவ மெஷின நிறுத்துனா மொத மில்லுக்காரன் வேல நிக்கும். அவன் இன்னா பாவம் பண்ணான்."

சொல்லிவிட்டுக் கீபோர்டை இழுத்துக்கொண்டார். நான் தட்டுகிறேன் அண்ணா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். வெளியே போவதற்கான நாலு எழுத்தையும் இடது கை விரலால் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினார். என்டர் பட்டனின் மேல் விரலை வைத்துக்கொண்டு, முதல் மில்லுக்காரன் ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருக்கிறதா, முன்னாலேயே போய் வண்டியில் துண்டு போட்டு வைக்கலாமே என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன். அழுத்தினார்.